ஆட்டுப்பாலும் வீட்டுச் சீஸும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கறவை ஆடுகள் பற்றியும் ஆட்டுப்பால் சீஸ் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலருக்கும் உள்ள வருத்தம், ‘சீஸ் சரியாக வரவில்லை’ என்பதுதான். எழுதியதை ஊன்றிப் படித்தால், தவறு அடுப்படியில் நேர்ந்ததாகத் தெரியவில்லை. கொட்டிலிலும், கறந்த பிறகான முதல் ஒரு மணி நேரத்திலும்தான் காரியம் கெட்டிருக்கிறது. அதனால் பதில்கள் அடிக்கடி ஆட்டுப் பக்கம் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் கன்னி ஆடுகள் இருக்கின்றன. இவற்றிலேயே பால் கறந்து சீஸ் செய்யலாமா? வேறு இனம் வாங்க வேண்டுமா?
*– சாத்தூர் வாசகர்*

கன்னி ஆடும் கொடி ஆடும் கரிசல் பூமிக்கென்றே வாய்த்தவை. வெயிலில் அலைந்து, வேலாமரத்து நெற்றையும் முள்செடிகளையும் மேய்ந்து, பெரும்பாலும் இரட்டைக் குட்டி போட்டு வளர்த்துவிடும். ஆனால் அவை இறைச்சிக்கான இனங்கள். சுரக்கும் பால் குட்டிகளுக்கே சரியாக இருக்கும். அதில் கை வைத்தால் குட்டி மெலியும், குட்டி மெலிந்தால் உங்கள் வருமானமும் மெலியும். வீட்டுக்கு ஒரு டம்ளர் கறந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

சீஸ் செய்யும் அளவுக்குப் பால் வேண்டுமென்றால் தலைச்சேரி ஆட்டில் தொடங்குங்கள். மலபார் கரையைச் சேர்ந்த இனம், நம் ஊர்ப் புழுக்கத்தைத் தாங்கும். நல்ல தீவனத்தில் நாளுக்கு ஒரு லிட்டர் எதிர்பார்க்கலாம், தேர்ந்தெடுத்த ஆடுகள் அதற்கு மேலும் தரும். யமுனை, சம்பல் ஆற்றங்கரைகளிலிருந்து வந்த ஜமுனாபாரி உயரமாக, நீண்ட தொங்கு காதுகளோடு பார்க்க அழகாக இருக்கும். பாலும் அதிகம். ஆனால் ஈரமான கொட்டிலில் சளியும் குளம்புப் புண்ணும் விடாது. சுவிட்சர்லாந்தின் சானென் ஆட்டைப் படத்தில் பார்த்து மயங்கிப் பலர் கேட்கிறார்கள். வெள்ளைத் தோலும் குளிர்நாட்டு உடம்பும் கொண்ட அந்த ஆட்டைச் சாத்தூர் வெயிலில் கொண்டுவந்து கட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

வாங்கும்போது சந்தையில் மடியின் அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காலையிலிருந்து கறக்காமல் விட்டு மடியை வீங்க வைத்திருப்பார்கள். வளர்ப்பவர் வீட்டுக்கே போய், உங்கள் கண் முன்னால் இரண்டு வேளை கறக்கச் சொல்லுங்கள். கறந்தபின் மடி துணிப்பை போலச் சுருங்க வேண்டும். கறந்தும் கெட்டியாக நின்றால் அது சதை, அல்லது பழைய மடிநோய்.

ஆட்டுப்பாலில் கவிச்சி வாடை வருகிறது. வீட்டில் யாரும் குடிப்பதில்லை. சீஸில் அந்த வாடை இன்னும் அதிகமாகிறது. என்ன செய்வது?
*– கோபிச்செட்டிபாளையம் வாசகி*

இது ஆட்டுப்பாலின் பிறவிக் குணம் என்று முடிவுகட்டிப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். நன்றாகக் கறந்து உடனே குளிரவைத்த ஆட்டுப்பாலைக் கண்ணை மூடிக் குடித்தால் பசும்பால் என்றுதான் பலரும் சொல்வார்கள்.

முதலில் கிடாவைப் பாருங்கள். பருவத்தில் கிடா தன் சிறுநீரைத் தன் தாடியிலும் முன்னங்காலிலும் பீச்சிக்கொள்ளும். கொம்படியில் உள்ள சுரப்பிகளின் வாடையும் சேரும். அதே பட்டியில் கறவை ஆடு உரசிக்கொண்டு நின்றால் அந்த வாடை ரோமத்திலும், கறப்பவர் கையிலும், பாலிலும் ஏறும். கிடாவைத் தனியாக, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்புறமாகக் கட்டுங்கள். கறக்கும் இடம் கொட்டிலுக்கு வெளியே இருக்கட்டும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் மிகச் சிறியவை. அவற்றைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு கிழிந்தால், பாலிலேயே இருக்கும் லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைத்து வாடைதரும் அமிலங்களை வெளிவிடும். வெதுவெதுப்பான பாலை உயரத்திலிருந்து ஊற்றுவது, தூக்குவாளியில் குலுங்கக் குலுங்கக் கொண்டுவருவது, காலைப்பாலோடு மாலைப்பாலைச் சூடாகவே கலப்பது எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

ஆகவே கறந்தவுடன் வடிகட்டி, பாத்திரத்தை ஐஸ் போட்ட தண்ணீரில் இறக்கி, மெதுவாகக் கிளறிக் குளிரவையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் அப்படியே வைத்தால் நடுப்பால் குளிர வெகுநேரம் ஆகும். பழைய தண்ணீர் பாட்டில்கள் சிலவற்றை ஃப்ரீசரில் உறைய வைத்துக்கொண்டால் தினமும் ஐஸ் தேட வேண்டியதில்லை. நன்றாகக் குளிர்ந்தபின் பெட்டியில் வைத்து, அன்றோ மறுநாளோ காய்ச்சிவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் ஒரே ஒரு ஆட்டின் பால் மட்டும் உப்புக் கரித்தால் மடிநோயைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு வேளையும் முதல் மூன்று நான்கு பீச்சுகளைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். திரி திரியாக, கட்டியாக ஏதும் நின்றால் அந்தப் பாலைத் தனியே ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கறந்து முடித்ததும் காம்புகளை போவிடோன் அயோடின் கரைசலில் நனைத்து, அரை மணி நேரம் தீவனம் போட்டு நிற்கவையுங்கள். கறந்த கையோடு படுத்தால் திறந்திருக்கும் காம்புத் துளை வழியே கிருமி ஏறும்.

பச்சை ஆட்டுப்பால் மருந்து என்று என் மாமியார் சொல்கிறார். வெளிநாட்டுச் சீஸ் குறிப்புகளிலும் காய்ச்சாத பால் என்றே இருக்கிறது. காய்ச்சாமல் செய்யலாமா?
*– திண்டுக்கல் வாசகி*

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் விட்டுவிட்டு வரும் ஒரு காய்ச்சலால் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டார்கள். டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1887-ல் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது தெரிய மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1905-ல் மால்டாவைச் சேர்ந்த தெமிஸ்டோக்ளிஸ் ஸாமிட் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். பார்வைக்கு எந்த நோயும் இல்லாத, கொழுகொழுவென்று இருந்த ஆடுகள்தாம் கிருமியைப் பாலில் விட்டுக்கொண்டிருந்தன. 1906-ல் படையினருக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. அந்தக் கிருமிதான் புரூசெல்லா. நம் நாட்டு ஆடுகளிலும் உண்டு. மூட்டுவலியும் இரவு வியர்வையுமாக மாதக்கணக்கில் ஆளை முடக்கிவிடும்.

‘எங்கள் ஆடு ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது’ என்ற நம்பிக்கை இதனால்தான் போதாது. உறை விட்டோ எலுமிச்சை பிழிந்தோ செய்யும் புதுச் சீஸில் புளிப்பு இந்தக் கிருமியை நம்பகமாகக் கொல்லாது. பாலை 63 டிகிரி செல்சியஸில் முழுதாக 30 நிமிடம் வைத்திருங்கள், வெப்பமானி கட்டாயம். வெப்பமானி இல்லையென்றால் நம் வீட்டு வழக்கப்படி பொங்கக் காய்ச்சுங்கள். மாமியாரிடம், காய்ச்சிய பாலிலும் சத்து இருக்கிறது என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நிறைமாதத்தில் ஆடு கருக்கலைந்து குட்டியை வீசினால், அந்தக் குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். கால்நடை மருத்துவமனையில் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கடைப் பனீர் போலக் கட்டியாக வருவதில்லை. உதிர்ந்து போகிறது. எத்தனை முறை செய்தும் இப்படித்தான்.
*– நாமக்கல் வாசகர்*

ஆட்டுப்பால் அப்படித்தான். கட்டியான தயிருக்குக் காரணமான ஒருவகைப் புரதம் பல ஆடுகளின் பாலில் குறைவு. தயிரே இளகலாக உறைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எருமைப்பால் பனீரைச் சதுரமாக வெட்டிப் பொரிப்பது போல இதைப் பொரிக்க நினைப்பதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது. இதற்கென்று ஒரு மென்மை உண்டு, அதற்கேற்ற பண்டம் செய்ய வேண்டும்.

ஆனாலும் உதிர்வதைக் குறைக்கலாம். பாலை 85 முதல் 90 டிகிரி வரை காய்ச்சி ஐந்து நிமிடம் வைத்து, அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதிப்பு அடங்கியதும், ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அதே அளவு வெந்நீரில் கலந்து, மெல்லிய தாரையாக விடுங்கள். கரண்டியை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றாதீர்கள். தெளிவுநீர் இளம்பச்சையாகப் பிரிந்ததும் சாற்றை நிறுத்திவிட வேண்டும். கூடுதல் புளிப்பும் கூடுதல் கிளறலும்தான் மணல் மணலாக உதிரவைப்பவை. பத்து நிமிடம் மூடிவைத்து, நனைத்துப் பிழிந்த வேட்டித்துணியில் வடித்து, உப்புத் தூவி, ஒரு கிலோ எடை மட்டும் வையுங்கள். அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தால் கொழுப்பும் வடிந்துவிடும். லிட்டருக்கு 120 முதல் 150 கிராம் வரை கிடைக்கும். வெட்டும் துண்டுதான் வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி எருமைப்பால் கலப்பதே வழி.

என்னைக் கேட்டால், முதல் சீஸாக நீங்கள் பழக வேண்டியது பனீரே இல்லை. காய்ச்சி ஆறவைத்த பாலில் உறை ஊற்றித் தயிராக்கி, துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தின் மேல் இரவு முழுதும் தொங்கவிடுங்கள். காலையில் வெண்ணெய் போல வழித்தெடுக்கலாம். நூறு கிராமுக்கு ஒன்றரை கிராம் உப்பு, இடித்த மிளகு, கொஞ்சம் கறிவேப்பிலைப் பொடி சேர்த்துப் பிசைந்து தோசைமேல் தடவிப் பாருங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலில் புளித்து நாறிவிடும். பெட்டியில் வைத்திருந்து ஐந்து நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

அடுத்த படி ரென்னெட், அதாவது பாலை உறையவைக்கும் நொதி. காய்ச்சிய பால் வேண்டாம், 63 டிகிரியில் வைத்தெடுத்த பால்தான் இதற்கு உறையும். 30 டிகிரிக்கு ஆறியபின் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி புதுத்தயிர் கலந்து ஒரு மணி நேரம் விட்டு, ஆறிய வெந்நீரில் கரைத்த சில சொட்டு ரென்னெட்டைச் சேர்த்து அசைக்காமல் மூடிவையுங்கள். தயிர் போல உறைந்து, மேலே தெளிவு நின்றதும் துணியில் மெதுவாக அள்ளி வடியுங்கள்.

ரென்னெட் சைவமா? அத்திப்பால் போதுமா?
*– கும்பகோணம் வாசகர்*

கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது ஒருவகை, பூஞ்சையிலிருந்து எடுப்பது இன்னொன்று. பின்னதை ‘மைக்ரோபியல்’ என்று புட்டியில் அச்சிட்டிருப்பார்கள், அது சைவம். அத்திப்பாலும் பாலை உறைய வைக்கும், ஆனால் அளவு சிறிது கூடினாலும் கசக்கும். பப்பாளிப் பால் இன்னும் மோசம்.

மடிநோய்க்கு ஊசி போட்டோம். எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும்? குடற்புழு மருந்துக்கும் உண்டா?
*– தாராபுரம் வாசகி*

மருந்துக்கு மருந்து நாள் மாறும். ஊசி போடும்போதே மருத்துவரிடம் ‘பால் எத்தனை நாள் எடுக்கக்கூடாது’ என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மாட்டுக்கு அச்சிட்ட நாளை ஆட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்உயிரி மருந்து கலந்த பாலில் உறை பிடிக்காது, ஆனால் உறை பிடித்துவிட்டது என்பதற்காகப் பால் சுத்தம் என்று ஆகிவிடாது. குடற்புழு மருந்துக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஆல்பென்டசோலை இளஞ்சினை ஆட்டுக்குக் கொடுக்காதீர்கள், கருவைப் பாதிக்கும்.

பால் கூடுவதற்கு அகத்தி மட்டும் போட்டால் போதுமா?
*– உசிலம்பட்டி வாசகர்*

அகத்தியில் புரதம் நிறைய. ஆனாலும் ஆடு ஒரே தழையில் நிறைவடையும் பிராணி அல்ல. அகத்தி, வேலிமசால், கல்யாண முருங்கை, சூபாபுல் என்று மாற்றி மாற்றிக் கட்டித் தொங்கவிடுங்கள். சூபாபுல் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், அதிலுள்ள மிமோசின் முடி கொட்ட வைக்கும். நார்ச்சத்துக்குக் கடலைக்கொடியும் புல்லும் அவசியம், அவை குறைந்தால் பாலில் கொழுப்பு இறங்கும், சீஸும் குறையும். கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 300 முதல் 400 கிராம் அடர்தீவனம், தாதுக்கலவை, எந்நேரமும் தண்ணீர்.

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்குக் கொட்டுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். வயிற்றில் சோறு புளித்து அமிலமாகி, மாலையில் நன்றாக இருந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும். தின்றுவிட்டதாகத் தெரிந்தால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குட்டி விஷயத்திலும் ஒரு வார்த்தை. முதல் நாட்களின் சீம்பால் முழுதும் குட்டிக்கே. பிறகு இரவில் குட்டிகளைப் பிரித்து அடைத்து, காலையில் நீங்கள் கறந்துகொண்டு, பகலில் தாயோடு விடலாம். அடுத்த ஈற்றுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திவிடுங்கள்.

குழந்தைக்குப் பசும்பால் ஒவ்வாமை. ஆட்டுப்பால் கொடுக்கலாமா?
*– சென்னை வாசகி*

கொடுக்காதீர்கள். இரண்டு பாலின் புரதங்களும் நெருங்கிய உறவு, பசும்பால் ஒத்துக்கொள்ளாத பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. ஒரு வயதுக்குள் ஆட்டுப்பாலையே உணவாக்கினால் ஃபோலேட் என்ற வைட்டமின் குறைந்து ரத்தசோகையும் வரும். குழந்தை நல மருத்துவர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

வடித்த தண்ணீரை வீணாக்க மனம் வரவில்லை.
*– ஈரோடு வாசகி*

வர வேண்டாம். பனீர்த் தெளிவில் சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் புளியைக் குறைத்து இதைச் சேர்க்கலாம். ரென்னெட் போட்டு வடித்த தெளிவென்றால், பனீருக்குச் செய்வதுபோல் சூடாக்கிச் சில சொட்டு எலுமிச்சை விட்டால் இன்னும் ஒரு கைப்பிடி மெல்லிய திரள் கிடைக்கும். பனீர்த் தெளிவில் இது வராது, அந்தப் புரதம் ஏற்கெனவே பனீரோடு போயிருக்கும். செடிக்கு ஊற்றுவதானால் உப்புப் போடுமுன் வடிந்ததை மட்டும், பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.