பதினாறு தளம் கீழே ஒரு சாத்தான்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், என் வீட்டுக்காரர் ராத்திரி ஆனால் லேப்டாப்பைத் திறந்து 'டயாப்லோ' என்று ஒரு பழைய கேமை ஆடுகிறார். எட்டிப் பார்த்தால் இருட்டில் ஒரு ஆள் நடக்கிறான், எலும்புக்கூட்டை அடிக்கிறான், பாட்டில் பாட்டிலாக எதையோ குடிக்கிறான். இதில் அப்படி என்னதான் இருக்கிறது? (கரூர் வாசகி)

பதில்: நீங்கள் பார்த்தது அத்தனையும்தான் அந்த கேம், ஒளித்து வைத்த பகுதி என்று ஒன்றும் இல்லை. 1996-ன் கடைசியில் வந்தது. டிரிஸ்ட்ரம் என்று ஒரு ஊர். அதில் ஒரு கொல்லன், ஒரு வைத்தியர், ஒரு சூனியக்காரி, ஒரு குடிகாரன், கதை சொல்லும் கெய்ன் என்ற கிழவர், ஊரை ஒட்டிப் பாழாய்ப்போன தேவாலயம். அதற்குக் கீழே 16 தளம்: முதல் நாலு தேவாலயத்தின் அடிப்பகுதி, அடுத்த நாலு கல்லறைச் சுரங்கம், பிறகு நாலு குகை, கடைசி நாலு நரகம். ஆக அடியில் டயாப்லோ என்கிற சாத்தான். இறங்க வேண்டும், எதிரில் வருவதைக் கொல்ல வேண்டும், கீழே விழுவதைப் பொறுக்க வேண்டும், பை நிறைந்ததும் ஒரு மந்திரச் சுருளைப் பிரித்து ஊருக்கு வந்து விற்றுவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

பிடித்து இழுப்பது அந்தப் பொறுக்குவதுதான். விழுகிற வாளோ மோதிரமோ நீல எழுத்தில் இருந்தால் அதில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று அர்த்தம், என்ன மந்திரம் என்று கெய்னிடம் 100 பொற்காசு கொடுத்துக் கேட்டால் தெரியும். பெரும்பாலும் குப்பையாகத்தான் இருக்கும். எப்போதாவது ஒன்று பிரமாதமாக அமைந்துவிடும், அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. எப்போது தீனி விழும் என்று தெரியாத புறாதான் பொத்தானை விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருஷம் முன்பே காட்டிவிட்டார். உங்கள் வீட்டுக்காரரைப் புறா என்று சொல்லவில்லை, நானும் கொத்துகிற ஆள்தான்.

கேள்வி: இது ரோல்-பிளேயிங் கேம், அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடுவது என்கிறார்கள். நான் ஆடி முடித்தேன், எங்கேயும் நான் எந்த முடிவும் எடுத்த மாதிரி தெரியவில்லையே? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. ஊர்க்காரர்களிடம் அரட்டை கேட்கலாம், ஆனால் பதில் சொல்ல வழியில்லை, யாரையும் காப்பாற்றவோ கைவிடவோ முடியாது, கதை எப்படிப் போனாலும் படிக்கட்டு கீழேதான் போகும். ரோல்-பிளேயிங் என்று அதில் மிச்சம் இருப்பது கணக்கு மட்டும்: பலம், மந்திரம், லாகவம், உயிர் என்று நாலு எண், நம் ஆள் ஏறுகிற ஒவ்வொரு லெவலுக்கும் பிரித்துப் போட 5 புள்ளி. போர்வீரன், வில்லாளி, மந்திரவாதி என்று மூன்று பேர் இருந்தாலும் மந்திர எண் போதுமான அளவு இருந்தால் போர்வீரனும் புத்தகம் படித்து நெருப்புருண்டை வீசலாம்.

நீங்கள் எடுத்த முடிவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. பையில் 40 கட்டம், ஒரு கவசம் 6 கட்டத்தை அடைத்துக்கொள்ளும், காசுகூட 5000-க்கு ஒரு கட்டம் கேட்கும், ஆக தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ஸில் பை அடுக்குகிற கஷ்டம். எதை விட்டுவிட்டு வருவது, மருந்து குறைவாக இருக்கும்போது இன்னொரு கதவைத் திறப்பதா வேண்டாமா, இதெல்லாம் முடிவு இல்லையா? சின்னதுதான், ஆனால் நிமிஷத்துக்கு நாலு எடுக்கிறோம். இதற்கு மேல் ஆழம் வேண்டும் என்றால் இந்த கேமில் தேடாதீர்கள், கிடைக்காது.

கேள்வி: முதலில் இது செஸ் மாதிரி முறை வைத்து ஆடும் கேமாக இருந்தது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உண்மை. இதை உருவாக்கிய டேவிட் பிரெவிக் பழைய 'ரோக்' வகை கேம்களில் ஊறியவர். 1980-ல் வந்த ரோக்கில் படமே கிடையாது, நீங்கள் ஒரு @ குறி, அரக்கர்கள் ஏ முதல் இசட் வரை எழுத்துகள், செத்தால் முதலிலிருந்துதான். அதில் நீங்கள் ஒரு அடி வைத்தால்தான் எதிரியும் ஒரு அடி வைப்பான். டயாப்லோவையும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். கேமை வெளியிட்ட பிளிஸார்ட் கம்பெனிக்காரர்கள், முறைக்குக் காத்திராத நேரடி ஆட்டமாக மாற்றச் சொன்னபோது பிரெவிக் இஷ்டமில்லாமல்தான் ஒப்புக்கொண்டார், ஒரே மதியத்தில் மாற்றியும் விட்டார், மவுஸால் ஒரு எலும்புக்கூட்டைச் சொடுக்க அது அப்போதே நொறுங்கி விழுந்தது, அத்தோடு விவாதம் முடிந்தது என்று 2016-ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் உருவாக்குவோர் மாநாட்டில் அவரே சொன்னார். அந்த நொறுங்கலுக்காகத்தான் உலகம் முழுக்க மாங்கு மாங்கென்று கிளிக் செய்தார்கள்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் புதிய குகை என்று விளம்பரம். எனக்கு மூன்றாம் தடவை எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறதே?

பதில்: தெரியத்தான் செய்யும். சுவர் எங்கே, படிக்கட்டு எங்கே, எந்த அரக்கன் எந்தத் தளத்தில் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது, சில சின்ன வேலைகள்கூட ஒரு ஆட்டத்தில் வரும், ஒன்றில் வராது. ஆனால் குலுக்குகிற சீட்டுகள் அதே சீட்டுகள். முதல் தடவை பயமாக இருந்த இடம் மூன்றாம் தடவை வெறும் அறை. போதாக்குறைக்கு அந்த ஆள் ஊருக்குள் ஓடக்கூட மாட்டான், சூனியக்காரி வீடு ஊர்க் கோடியில், ஆடி அசைந்து நடந்து போய் மருந்து வாங்கி வருவதற்குள் கொட்டாவி வந்துவிடும். அந்த நேரத்தில் இசையமைத்த மேட் யூல்மனின் பன்னிரண்டு தந்தி கிதார் ஒலிக்கும், அதற்காக மன்னித்துவிடுவேன்.

என்னைக் கேட்டால் அலுப்பு வருவதே நல்லது. பதினாறாவது தளம், சாத்தான் செத்தான், ஒரு சங்கடமான முடிவு, பெட்டியை மூடலாம். பின்னால் வந்த பாகங்கள் மூட விடுவதில்லை. 2012-ல் வந்த மூன்றாம் பாகத்தில் ஆட்டத்தில் கிடைக்கும் வாளை நிஜப் பணத்துக்கு விற்கும் ஏலக்கடையே வைத்தார்கள். வாளைக் காசுக்கு வாங்கிவிட்டால் அப்புறம் அரக்கனை எதற்கு அடிப்பது? 2014 மார்ச்சில் அவர்களே கடையை மூடினார்கள்.

கேள்வி: பையன் போனில் 'டயாப்லோ இம்மார்ட்டல்' இலவசம் என்று கேட்கிறான். போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: இறக்குவது இலவசம். உள்ளே போனபின், நல்ல ரத்தினம் விழும் வாய்ப்பைக் கூட்டப் பணம் கட்டலாம். முன்னே சொன்ன புறாப் பொத்தானுக்குப் பக்கத்தில் உண்டியலை வைத்த கதைதான். சூதாட்டச் சட்டம் இடிக்கும் என்பதால் 2022-ல் இது பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வெளியாகவே இல்லை. போட்டுக் கொடுத்தால் போனில் கார்டு நம்பர் இருக்கக் கூடாது.

கேள்வி: எனக்கு வயது 58. பழைய டயாப்லோ என் லேப்டாப்பில் ஓடுமா? எந்த ஆளை எடுக்கலாம்?

பதில்: தாராளமாக ஓடும். கோக் (GOG) என்ற கேம் விற்கும் இணையதளத்தில் 2019 முதல் விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்கியபின் டெவிலூஷன்-எக்ஸ் என்ற இலவச மென்பொருளைச் சேர்த்துக்கொண்டால் பெரிய திரையிலும் நன்றாகத் தெரியும், ஊருக்குள் ஓடவும் வழி உண்டு. போர்வீரனை எடுங்கள், மந்திரவாதி ஆரம்பத்தில் ரெண்டு அடிக்குச் செத்துவிடுவார். அடிக்கடி சேவ் பண்ணுங்கள். தேவாலய வாசலில் குற்றுயிராய்க் கிடப்பவன் ஒரு கசாப்புக்காரனைப் பற்றிச் சொன்னால் நம்புங்கள், இரண்டாம் தளத்தில் அவன் அறையைத் திறக்காமல் தாண்டிப் போய், நாலாம் தளம் வரை அடித்துப் பலம் ஏற்றிக்கொண்டு திரும்பி வாருங்கள்.