ஜாவாவின் கிராமச் சுற்றுலா நிறுவனங்கள்: பெருந்தொற்றுக்குப் பின் – கேள்வி பதில்

கேள்வி: இந்தோனேசியாவில் ஊராரே சுற்றுலாத் தொழில் நடத்துகிறார்களாமே, அது கூட்டுறவுச் சங்கமா?

பதில்: இல்லை. ‘பும்தெஸ்’ எனப்படும் அது, கிராம நிர்வாகமே முதலிட்டு நடத்தும் நிறுவனம். 2014ஆம் ஆண்டுக் கிராமச் சட்டம் அதற்கு வலுவான அடித்தளம் தந்தது. எனினும் தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யவும் கடன் பெறவும் தேவையான சட்ட அந்தஸ்தை 2021இல் வந்த அரசு விதிகளே தெளிவாக்கின.

கேள்வி: நுழைவுச்சீட்டு வருமானத்தை நம்பியிருந்த ஊர்கள் என்ன ஆயின?

பதில்: கிளாத்தேன் மாவட்டத்துப் பொங்கோக்கில் ஊற்றுநீர்க் குளம் ஒன்று உண்டு. நீருக்கடியில் நிறுத்திய மோட்டார் சைக்கிளில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளவே கூட்டம் வரும். 2020இல் வாயிலைப் பூட்டியதும் சீட்டுப் பணம் மட்டுமல்ல, நீச்சல் கருவி வாடகை, சாப்பாட்டுக் கடை, வண்டி நிறுத்தக் கட்டணம் என எல்லாமே ஒருசேர நின்றன. பலரும் கவனிக்காத இன்னொரு அடியும் விழுந்தது. ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 6,00,000 ரூப்பியா, பின்னர் 3,00,000 ரூப்பியா என வழங்கிய நிவாரணம், கிராம நிறுவனங்களுக்கு முதலீடு தரக்கூடிய அதே கிராம நிதியிலிருந்தே, அதாவது நடுவண் அரசு ஊர்களுக்குத் தரும் பணத்திலிருந்தே, போயிற்று. 2022இல் அந்நிதியில் குறைந்தது 40 விழுக்காட்டை இதற்கு ஒதுக்க வேண்டுமென விதியே வந்தது. பசித்த வீட்டுக்குச் சோறு போட்டது சரிதான். ஆனால் தொழிலைத் தூக்கி நிறுத்தும் கைமுதல் அதனால் சுருங்கிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: தாக்குப்பிடிக்கத் தக்க ஊர் என எதைச் சொல்வீர்கள்?

பதில்: யோக்யகர்த்தாவை அடுத்த ஙிலாங்கெரானை. பழைய எரிமலைப் பாறைகளைக் காண வருவோரை நம்பியிருந்தாலும், கொக்கோ விளைச்சலையும் ஆட்டுப்பாலையும் அவ்வூர் கைவிடவில்லை. கொக்கோவைச் சாக்லேட்டாக்கி விற்கிறார்கள். தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே, கூட்டத்தைக் குறைக்கவென்று நுழைவுக் கட்டணத்தை உயர்த்தி, வீடுகளில் தங்குவோரை வரவேற்றார்கள். 2021இல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு அதைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாக அறிவித்தது. வருவோர் தலையை எண்ணியே வெற்றியை அளப்பவர்கள் இவ்வூரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஊர்த்தலைவரே எல்லாவற்றையும் கைக்குள் போட்டுக்கொள்ள மாட்டாரா?

பதில்: போட்டுக்கொள்ளலாம். விதிப்படி அவர் ஆலோசகர் மட்டுமே. நடத்துபவர் வேறு, மேற்பார்வையாளர் வேறு, உச்ச அதிகாரம் கிராமக் கூட்டத்துக்கு. அக்கூட்டத்தில் கணக்கை வாசிக்கும்போது, வண்டி நிறுத்தக் காசு எங்கே போயிற்று என்று யாராவது எழுந்து கேட்கிறார்களா என்பதைப் பொறுத்தே மற்றது.