புரை அறுவைக்குப் பின் மீண்டும் மங்கல்: யாக் லேசர் பற்றி

வணக்கம். கண்புரை அறுவை முடிந்து இரண்டு ஆண்டுகளில் தங்கள் தாயாருக்குப் பார்வை மறுபடி மங்கியிருப்பதாகவும், மருத்துவர் லேசர் செய்யச் சொன்னதால் முதல் அறுவையே சரியில்லையோ என்று ஐயம் எழுந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஐயம் வேண்டாம். அகற்றிய புரை மீண்டும் வளர்வதில்லை. செயற்கை வில்லையைத் தாங்கி நிற்கும் மெல்லிய உறையின் பின்புறத்தில், எஞ்சிய செல்கள் பெருகிப் படர்வதால் உண்டாகும் மங்கல் இது. நன்றாகச் செய்த அறுவைக்குப் பின்னும் பலருக்கு வருகிறது.

இந்த மங்கலை நீக்க மருத்துவர் சொன்ன யாக் லேசர் என்ற ஒளிக்கதிர் சிகிச்சையில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை. கண்பாவையை விரிக்கவும் கண்ணை மரத்துப்போகச் செய்யவும் சொட்டு மருந்து விட்டு, வழக்கமான பரிசோதனைக் கருவியைப் போன்ற ஒன்றில் மோவாயை வைத்து அமரச் சொல்வார்கள். மெல்லிய 'டிக் டிக்' ஒலியோடு உறையின் நடுவில் சிறு திறப்பு உண்டாக்கப்படும். சில நிமிடங்களில் முடிந்துவிடும், அன்றே வீடு திரும்பலாம். கண் கூசும் என்பதால் துணைக்கு ஒருவர் போவது நல்லது. சில நாட்கள் கண்முன் புள்ளிகள் மிதக்கலாம். கண் அழுத்தம் உயரக்கூடும் என்பதால் அதையும் அளந்து பார்ப்பார்கள்.

நான் வலியுறுத்த விரும்புவது வேறு. தாயாருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு என்கிறீர்கள். ஆகவே லேசருக்கு முன் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் நடுப்பகுதியில் நீர் கோத்திருந்தால், உறையைத் திறந்த பின்னும் பார்வை முழுமையாகத் தெளியாது. லேசருக்குப் பின் மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகளோ, திடீரெனக் கூட்டமாகக் கரும்புள்ளிகளோ, திரை விழுந்தாற்போன்ற நிழலோ தெரிந்தால், அது விழித்திரை விலகலாக இருக்கலாம். மறுநாள் வரை காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.