பர்கரில் மாட்டிறைச்சியின் கரிமத் தடம் மட்டும் ஏன் இவ்வளவு பெரிது?

ஒரு பொருள் உருவாகி நம் கைக்கு வரும்வரை வெளியாகும், புவியைச் சூடாக்கும் வாயுக்களின் மொத்தக் கணக்குதான் கரிமத் தடம். சிங்கப்பூரின் ஈசூனில் வாங்கும் பர்கரில் அதை ஏற்றிவிடுவது ரொட்டியல்ல, நடுவிலிருக்கும் மாட்டிறைச்சி. மாட்டின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைக்கின்றன. ராத்திரி கரைத்த தோசை மாவு காலையில் பொங்கி நிற்குமே, கிட்டத்தட்ட அதே வேலை. ஆனால் இங்கே மீத்தேன் உண்டாகி, ஏப்பமாக வெளியேறுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். மேய்ச்சலுக்காக பிரேசிலில் அழியும் காடு தனி.

2018இல் மெக்டொனால்ட்ஸ் அறிவித்த உமிழ்வுக் குறைப்புத் திட்டத்தில் மாட்டிறைச்சிக்கு முக்கிய இடம் கொடுத்தது இதனால்தான். காகித உறிஞ்சுகுழலால் பிளாஸ்டிக் குப்பை குறையும், சரி, மீத்தேன் குறையாது.

அப்புறம், ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருவதுதான் கேடு என்று பலர் நினைக்கிறார்கள். பயணத்தின் பங்கு மிகச் சிறிது, பெரும்பகுதி பண்ணையிலேயே வெளியேறிவிடுகிறது.