கட்சி சாராத சங்கம், வாய் திறக்காத சங்கம்

அன்புள்ள சார்,

வணக்கம். டெல்டாவில் ஒரு சிறிய நகராட்சியிலிருந்து எழுதுகிறேன். 2018-இல் கஜா புயல் அடித்தபோது தார்ப்பாயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தது எங்கள் சங்கம். அடுத்த வருடம் ஊரில் பணம் திரட்டி ஒரு ஏரியைத் தூர் வாரினோம். அப்போது எங்கள் பேச்சுக்கு மரியாதை இருந்தது.

2022 நகராட்சித் தேர்தலில் எங்கள் செயலாளர் ஒரு கட்சியின் சின்னத்தில் நின்று தோற்றார். அதிலிருந்து எந்த மனு கொண்டுபோனாலும் "நீங்க அவங்க ஆளுதானே?" என்கிறார்கள். பாதிப் பேர் ஒதுங்கிவிட்டார்கள். வாட்ஸப் குழுவில் நானூறு பேர், கூட்டத்துக்கு ஒன்பது பேர். தலைவர் பயந்துபோய், "நடுநிலைன்னா எதுலயும் தலையிடாம இருக்கணும்" என்கிறார். மரக்கன்று நடுகிறோம், பள்ளியில் பேச்சுப்போட்டி வைக்கிறோம். யாருக்கும் எங்கள் மேல் கோபம் இல்லை. யாரும் எங்களை மதிப்பதும் இல்லை. கட்சி சாராமலும் இருக்க வேண்டும், ஊரில் எங்கள் சொல்லும் எடுபட வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

நடக்கும். ஆனால் உங்கள் தலைவர் சொல்லும் வழியில் நடக்காது. ஆளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது சரி. விஷயத்தைப் பற்றியும் திறக்கக் கூடாது என்றால் சங்கம் எதற்கு?

அமெரிக்காவில் லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அங்கே பெண்களுக்கு வாக்குரிமை தந்த அரசியல் சட்டத் திருத்தம் 1920 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, பிப்ரவரியில், சிகாகோவில் இதைத் தொடங்கிவிட்டார்கள். நூறு ஆண்டுகள் தாண்டியும் நடக்கிறது. எந்த வேட்பாளரையும் கட்சியையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ மாட்டார்கள். ஆனால் பிரச்சினைகளில் நிலைப்பாடு எடுப்பார்கள், அதற்காகச் சண்டையும் போடுவார்கள். நிலைப்பாடு எடுக்க ஒரு முறை உண்டு. முதலில் அந்த விஷயத்தை உறுப்பினர்கள் படிக்க வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும், ஒருமித்த கருத்துக்கு வர வேண்டும். அதற்கு முன் யாரும் லீக்கின் பெயரில் அந்த விஷயம் பற்றிப் பேச முடியாது. மந்தமான முறைதான். சண்டை வந்தால் காப்பாற்றுவதும் அந்த மந்தம்தான். "இது உங்கள் தலைவரின் கருத்தா, சங்கத்தின் கருத்தா?" என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

அவர்கள் செய்கிற இன்னொரு வேலைதான் எனக்குப் பொறாமை தருவது. உள்ளூர்க் கிளைகள் பலவற்றிலிருந்து நகர மன்றக் கூட்டத்துக்கும் பள்ளி வாரியக் கூட்டத்துக்கும் ஒரு பார்வையாளர் போவார். பேச மாட்டார். உட்கார்ந்து குறிப்பெடுப்பார், அவ்வளவுதான். மாதா மாதம் ஒருவர் பேனாவோடு வந்து உட்கார்ந்தால் அந்த அறையில் பேச்சு எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நேர்மைக்கு விலை இல்லாமல் இல்லை. 1976, 1980, 1984 அதிபர் தேர்தல்களில் தொலைக்காட்சி விவாதங்களை நடத்தியது லீக்தான். 1988-இல் இரண்டு பெரிய கட்சிகளின் பிரச்சாரக் குழுக்களும் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்தன. கேள்வி கேட்பவர் யார், அரங்கில் உட்காருபவர் யார், பத்திரிகையாளரை எங்கே விடுவது என்பது வரை எல்லாம் அதில் முடிவாகியிருந்தது. லீக் விலகிக்கொண்டது. கட்சித் தலைவர்கள் முந்தின ஆண்டே உருவாக்கியிருந்த ஆணையம் விவாதங்களை எடுத்துக்கொண்டது. லீக்குக்கு அதன்பின் அந்த வெளிச்சம் கிடைக்கவில்லை. நாடு முழுக்கப் பார்த்த ஒரு மேடை போனது இழப்புதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அன்று தலையாட்டியிருந்தால் மேடை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இனி உங்கள் ஊர். செயலாளர் தேர்தலில் நின்றது அவர் உரிமை. பொறுப்பில் இருந்துகொண்டே நின்றதுதான் தப்பு. அதற்கும் பாதிப் பழி உங்கள் விதிமுறைக்கு, அப்படி ஒன்று எழுதி வைத்திருந்தால். எந்தப் பொறுப்பில் இருப்பவர் கட்சிப் பதவி வகிக்கக் கூடாது, வேட்பாளராக விரும்பினால் எத்தனை மாதம் முன்பே விலக வேண்டும் என்பதை எழுதிப் பொதுக்குழுவில் நிறைவேற்றுங்கள். சாதாரண உறுப்பினருக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம். நம் ஊரில் கட்சி வாடையே இல்லாத ஆளைத் தேடினால் சங்கத்துக்கு ஆளே சேராது. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேரைச் சங்கக் கணக்கைப் பார்க்கும் வேலையில் சேர்த்துப் போடுங்கள். நடுநிலைக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

கட்சியைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம் சாதியைப் பற்றிப் பேசுவதில்லை. "எந்தக் கட்சி" என்று கேட்பதற்கு முன்னால் ஊரில் மனசுக்குள் கேட்கும் கேள்வி வேறு. உங்கள் கூட்டம் எங்கே நடக்கிறது? ஏதாவது ஒரு சமூகத்தின் கல்யாண மண்டபத்தில், வாடகை இல்லாமல் கிடைக்கிறதே என்று நடந்தால், அந்த ஒன்பது பேர் ஏன் ஒன்பது பேராகவே இருக்கிறார்கள் என்பதற்குப் பாதி விடை அங்கே இருக்கலாம். நூலகத்துக்கோ பள்ளிக்கூட வகுப்பறைக்கோ மாற்றுங்கள். ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் வேலி. பயிர் வேறு. ஊருக்குத் தேவையான, ஆனால் வேறு யாரும் செய்யாத ஒரு வேலை உங்களிடம் இருக்க வேண்டும். மரக்கன்றை ரோட்டரியும் நடும், ரசிகர் மன்றமும் நடும்.

ராஜஸ்தானில் தேவ்டுங்ரி என்ற சின்ன கிராமத்தை மையமாகக் கொண்டு 1990-இல் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன், அதாவது தொழிலாளர், விவசாயிகள் சக்தி அமைப்பு, தொடங்கியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அதில் முன்னின்றவர்கள். கட்சி சாராத அமைப்பு. வறட்சி நிவாரண வேலை பார்த்தவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நீ இவ்வளவு வேலை செய்ததாகப் பதிவில் இல்லை" என்று பதில். "அப்படியானால் பதிவைக் காட்டு" என்றார்கள். கிளம்பியது அங்கேதான். 1994 டிசம்பரில் முதல் ஜன் சுன்வாயி, அதாவது மக்கள் விசாரணை நடந்தது. கிடைத்த வருகைப் பதிவேட்டையும் பில்களையும் ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் தங்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதைத் தங்கள் காதால் கேட்டார்கள். 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. 2005-இல் நாடு முழுமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இந்த இயக்கத்தின் உழைப்பு பெரிது. அவர்கள் கையில் எடுத்தது கோஷத்தை விட அதிகமாகக் காகிதத்தை. இன்னொன்று, ஊரார் கணக்கைக் கேட்பதற்கு முன் தங்கள் கணக்கையும் பொதுவில் வைத்தார்கள். உங்கள் ஏரி தூர்வாரிய வரவு செலவு யாரிடமாவது இருக்கிறதா?

நீங்கள் ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். நகர்மன்ற மாதாந்திரக் கூட்டம். இரண்டு பேர் பார்வையாளராகப் போக ஆணையரிடம் எழுதிக் கேளுங்கள். விடவில்லை என்றால் அஜெண்டாவையும் தீர்மான நகலையும் ஆர்டிஐ-யில், அதாவது அந்தத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. எந்த வார்டில் என்ன வேலை, எவ்வளவு ரூபாய், யாருக்கு ஒப்பந்தம் என்று ஒரே ஒரு ஏ4 தாளில் எழுதி டீக்கடையிலும் நூலகத்திலும் ஒட்டுங்கள். அடைமொழி வேண்டாம். "கொள்ளை" என்று எழுதாதீர்கள், தொகையை எழுதுங்கள். ஆளுங்கட்சி வார்டு, எதிர்க்கட்சி வார்டு இரண்டும் அதே தாளில் அடுத்தடுத்து வரட்டும்.

அடுத்தது ரோடு. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும், தெரு உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போகக் கூடாது என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சுரண்டினார்களா? எஸ்டிமேட்டில் எத்தனை மில்லிமீட்டர் கனம் எழுதியிருக்கிறது, முடித்த வேலையின் அளவைக் குறித்து வைக்கும் எம்-புக்கில் அளவு என்ன பதிவாகியிருக்கிறது? தகவல் சட்டத்தின் 2-ஆம் பிரிவிலேயே, வேலையையும் ஆவணத்தையும் நேரில் பார்வையிடுவது, குறிப்பெடுப்பது, பொருளின் சான்றிட்ட மாதிரி கேட்டு வாங்குவது எல்லாம் தகவல் பெறும் உரிமைக்குள் வருகின்றன. பலருக்குத் தெரியாது. நகல் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஒரு டேப்பும் நாலு பேரும் போதும். அளந்ததை அப்படியே எழுதுங்கள். சரியாகப் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். குறை மட்டும் சொல்கிற தாளுக்குச் சீக்கிரமே ஒரு கட்சிப் பெயர் வந்துவிடும்.

ஒன்பது பேர் இதற்குத் தாராளம். சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் மீதிப் பேரைக் கூட்டத்துக்கு வரச்சொல்லிக் குத்திக்காட்ட வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரித்துத் தரட்டும், வந்த பதிலைத் தட்டச்சு செய்து தரட்டும். ஒரு மணி நேர வேலையாகப் பிரித்துக் கொடுத்தால் நானூறில் இருபது பேராவது எழுந்து வருவார்கள். பணத்துக்கு மாதச் சந்தா போதும். நகராட்சி ஒப்பந்தக்காரர் பேனர் அடித்துத் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டு மறுத்துவிடுங்கள்.

தேர்தல் நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். வேட்பாளர்களின் சொத்தும் வழக்கும் நாம் பார்க்கக் கிடைப்பதே கட்சி சாராத ஓர் அமைப்பால்தான். அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் 1999-இல் ஏடிஆர் (ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம்) என்ற அமைப்பைத் தொடங்கி, அந்த விவரங்களை வெளியிட வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் சட்டம் திருத்தி அதைச் சுருக்கப் பார்த்தது. 2003 மார்ச்சில் அந்தத் திருத்தமும் செல்லாது என்றானது. உங்கள் வார்டு வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே ஐந்து கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். குடிநீர், குப்பை, வடிகால் என்று உள்ளூர்க் கேள்விகளாக இருக்கட்டும். பதிலை வெட்டாமல், ஒரே அளவு எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடுங்கள். பதில் தராதவரின் பெயருக்குக் கீழே "பதில் தரவில்லை" என்று மட்டும் போடுங்கள்.

அந்தச் செயலாளரை விலக்கிவிடாதீர்கள். ஒரு தேர்தலில் வீடு வீடாக ஏறி இறங்கிய ஆள். எந்தத் தெருவில் எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்று உங்கள் எல்லாரையும்விட அவருக்குத் தெரியும். பொறுப்பு ஏதும் இல்லாமல் சாதாரண உறுப்பினராக இருக்கட்டும். ரோடு அளக்கப் போகும்போது டேப்பின் ஒரு முனையை அவர் பிடிக்கட்டும். மறுமுனைக்கு, அவரைத் தோற்கடித்த கட்சியில் விருப்பமுள்ள ஒருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.