வட்டு காலி, பிறகு ஏன் 'இடமில்லை'?

கேள்வி: என் மடிக்கணினியில் 16 ஜிபி ராம். ஜென்டூ லினக்ஸில், மென்பொருள்களை நிறுவும் கருவியான போர்ட்டேஜ் அவற்றை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யும் அடைவை, ஒரு வீடியோவைப் பார்த்து, ராமில் இயங்கும் தற்காலிகக் கோப்பு முறைமையான டிஎம்பிஎஃப்எஸ் ஆக மாற்றினேன். சிறிய மென்பொருள்கள் சரியாக வருகின்றன. குரோமியம் உலாவி மட்டும் பாதியில் 'இடமில்லை' என்று நின்றுவிடுகிறது. வட்டில் 200 ஜிபி காலி. 32 ஜிபி ராம் போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். கடைக்காரருக்கு ராம் விற்றாக வேண்டும், உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

அளவு குறிப்பிடாவிட்டால் டிஎம்பிஎஃப்எஸ் உங்கள் ராமில் பாதியை, அதாவது 8 ஜிபியைத்தான் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளும். குரோமியம் அதைச் சுலபமாகத் தாண்டும். நிரம்பியது வட்டல்ல, அந்த 8 ஜிபி. எந்த இடம் தீர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லை!

வரம்பை 15 ஜிபி ஆக்கச் சொல்லும் வீடியோவும் உண்டு. நம்பாதீர்கள். கம்பைலரும் அதே ராமில்தான் சாப்பிடுகிறது; இணையாக ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் 2 ஜிபி ஒதுக்குவது வழக்கமான கணக்கு. கோப்புகளும் அங்கேயே குவிந்தால் முதலில் ராமுக்குத் துணையாக வட்டில் இருக்கும் ஸ்வாப் திணறும், பிறகு லினக்ஸின் மையமான கெர்னலே கம்பைலரைக் கொன்றுவிடும்.

குரோமியத்துக்கு மட்டும் டிஎம்பிஎஃப்எஸிலிருந்து விலக்கு கொடுங்கள். போர்ட்டேஜின் தற்காலிக அடைவாக வட்டில் உள்ள ஓர் அடைவைக் காட்டும் ஒற்றை வரியைத் தனிக் கோப்பில் எழுதி, அதை, ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி அமைப்பு தரும் 'பேக்கேஜ்.என்வி' கோப்பில் குரோமியத்தின் பெயரோடு இணைக்க வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். நீங்கள் தரும் அடைவுக்குள் போர்ட்டேஜ் தன் பெயரில் ஓர் உள்ளடைவு வைத்துக்கொள்ளும். எனவே '/வார்/டிஎம்பி' என்று எழுதினால் சுற்றிக்கொண்டு பழைய '/வார்/டிஎம்பி/போர்ட்டேஜ்' அடைவுக்கே, அந்த ராமுக்கே, வந்து நிற்பீர்கள். பெயர் வேறாக இருக்கட்டும். அடைவை முன்பே உருவாக்கி, உரிமையைப் போர்ட்டேஜ் பயனருக்குக் கொடுங்கள்.

வீடியோ வாக்களித்த வேகமா? படித்த கோப்புகளை லினக்ஸ் ஏற்கெனவே ராமில்தான் வைத்திருக்கிறது. கம்பைலில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் சிபியு. எஸ்எஸ்டியில் எழுதுவது குறையும், அவ்வளவே.

கம்பைல் செய்த முடிவுகளை மறுமுறைக்குச் சேர்த்து வைக்கும் சிகேஷின் சேமிப்பை மட்டும் டிஎம்பிஎஃப்எஸில் வைத்துவிடாதீர்கள். கணினியை அணைத்தால் அத்தனையும் போய்விடும்.