எகிப்திலிருந்து வந்த குமாரன் யார்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்ற தீர்க்கதரிசனம் இயேசுவில் நிறைவேறியது என்று மத்தேயு 2:15-ஐ வைத்துப் பாடம் எடுத்தேன். பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் ஓசியா 11-ஐத் திறந்து, "டீச்சர், இது பழைய இஸ்ரவேலைப் பற்றித்தானே?" என்று கேட்டுவிட்டான். வரும் ஞாயிறு அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: சகோதரி, முதலில் "நீ படித்தது சரி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். ஓசியாவின் அந்த வசனம் நடந்து முடிந்த கதை. அடுத்த வசனத்திலேயே அந்தக் குமாரன், அதாவது இஸ்ரவேல், பாகால்கள் என்ற அந்நிய தெய்வங்களுக்குப் பலியிடுகிறான். இது இயேசுவுக்குப் பொருந்தவே பொருந்தாது. யூத வேதத்தில் ஊறிய மத்தேயுவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

ஜோசியம் பலித்தது என்பதைப் போலவே "நிறைவேறியது" என்பதையும் நாம் எடுத்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான். மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் நிரப்புதல். 13:48-ல் கடலில் போட்ட வலை "நிறைந்தபோது" என்கிறாரே, அங்கேயும் அதே வினைச்சொல்தான். நம் தமிழ்ச் சொல்லுக்குள்ளும் நிறைவு இருக்கிறது, பாருங்கள். துறைமுகத்தில் வலை இழுப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். வீசும்போதே அது முழு வலைதான். ஆனால் அது எதற்காகப் பின்னப்பட்டது என்பது நிறைந்து கரைக்கு வரும்போதுதான் தெரிகிறது.

இஸ்ரவேல் எகிப்திலிருந்து வந்து, கடலைக் கடந்து, 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் தடுமாறியது. இயேசுவும் எகிப்திலிருந்து வருகிறார், யோர்தான் தண்ணீரில் இறங்குகிறார், 40 நாள் வனாந்தரத்தில் சோதிக்கப்படுகிறார், ஆனால் விழவில்லை. முதல் குமாரன் தவறவிட்டதை இந்தக் குமாரன் நிறைவாக்குகிறார் என்பதே மத்தேயுவின் வாதம்.

எல்லாத் தீர்க்கதரிசனமும் இப்படியல்ல. மீகா 5:2 நேரடியாக வரப்போகும் ஆளுகிறவரைப் பற்றிப் பேசுகிறது, பெத்லகேம் என்று ஊரையும் சொல்கிறது. பாடுபடும் தாசனைப் பற்றிய ஏசாயா 53-ஐக் கிறிஸ்தவர்கள் பிறகு எழுதிச் சேர்த்திருப்பார்களோ என்று யாராவது கேட்டால், 1947-ல் சவக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளைச் சொல்லுங்கள். அது இயேசு பிறப்பதற்கு 100 ஆண்டுகளுக்கும் முற்பட்டது, அந்த அதிகாரமும் அதில் இருக்கிறது. ஆனால் அதில் வரும் தாசனை யூதர்கள் பலர் இஸ்ரவேல் மக்களாகவே வாசிக்கிறார்கள். ஏசாயா 49:3 தாசனை "இஸ்ரவேல்" என்றே அழைக்கிறது. இதையும் மறைக்காதீர்கள். பிள்ளைகள் பின்னால் வேறு எங்காவது கேள்விப்பட்டு, டீச்சர் ஏன் சொல்லவில்லை என்று நினைக்கக் கூடாது.

"முந்நூறு தீர்க்கதரிசனங்கள், முந்நூறும் பலித்தன" என்று கணக்குப் போட்டு நிரூபிக்கும் பாடத்தை நான் எடுக்க மாட்டேன். முதல் சீஷர்களே அப்படி விசுவாசத்துக்கு வரவில்லை. லூக்கா 24-ல், இயேசு இறந்தபின் எம்மா ஊருக்குப் போன சீஷர்கள் இருவருக்கும் வேதம் தெரியும், ஆனாலும் துக்கமாகத்தான் நடந்தார்கள். உயிர்த்தவர் கூடவே நடந்து விளக்கிய பிறகுதான் பழைய வசனங்கள் அவர்களுக்குத் திறந்தன. முதலில் உயிர்த்தெழுதல், அப்புறம்தான் வசனங்களின் பொருள்.

வரும் ஞாயிறு ஓசியா 11-ஐ அந்தப் பையனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் வசனத்தோடு விட்டுவிடாமல், "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" என்று தேவன் இஸ்ரவேலைப் பார்த்துக் கேட்கும் எட்டாம் வசனம் வரைக்கும் போகட்டும். அதன்பின் மத்தேயு 2-ஐத் திறங்கள்.